வண்டி தண்ணீர் குடிப்பதில்லை

உங்கள் வீட்டு வாசலில் இருபது வயதைத் தாண்டிய கார் ஒன்று நிற்கிறதா? காலையில் பானெட்டைத் திறந்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அதைக் கிளப்புகிறீர்களா? ‘பழைய வண்டி அப்படித்தான்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரையைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். வீட்டில் வண்டி ஓட்டுபவர் நீங்கள் இல்லையென்றாலும் படியுங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயது. முதலில் பால்மரம் வெட்டினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு குலை அறுத்தார். இப்போது ஓய்வு. அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் பட்டணத்தில் இரத்தச் சுத்திகரிப்பு. போக 28 கிலோமீட்டர், வர 28 கிலோமீட்டர். எங்கள் தோட்டத்துப் பக்கம் பேருந்து வருவது நின்று பல காலமாகிறது. ஆகவே அண்ணனுடைய பழைய 1.3 லிட்டர் கார்தான் அக்காவுக்குத் துணை.

அந்தக் கார் நடு வழியில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஒரு தடவை சுத்திகரிப்பு தவறினாலும் உடம்பில் நீர் தேங்கும். பொட்டாசியம் என்ற உப்பும் சேரும். அது அளவு மீறினால் இதயத்துக்கே ஆபத்து. இதையெல்லாம் அண்ணன் அறியாதவர் அல்ல. இருந்தும், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அவர் போத்தலும் கையுமாக நிற்பதைப் பார்த்து ஒரு நாள் கேட்டேன்.

“பழைய காடி, டீச்சர். தண்ணி குடிக்கத்தான் செய்யும்” என்றார்.

இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். பத்து ஆண்டுகளுக்கு முன்பு என் சொந்தக் காருக்கு மூன்று மாதம் இப்படியே தண்ணீர் ஊற்றி ஓட்டினேன். ஒரு நாள் பள்ளி விட்டுத் திரும்பும்போது, மேட்டுச் சாலையில் ஆவி பொங்கி வண்டி நின்றது. இன்ஜினின் மேல் பாகம் வெப்பத்தில் வளைந்துபோயிருந்தது. அதைக் கழற்றி, தளம் சீவி, மறுபடி பூட்ட ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஆனது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு அன்று வண்டி பாடம் நடத்தியது. வண்டி தண்ணீர் குடிப்பதில்லை. ஊற்றிய தண்ணீர் எங்கேயோ ஒரு வழியாகப் போகிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் மேலும் மேலும் ஊற்றுவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதற்குச் சமம்.

தண்ணீர் உள்ளே என்ன செய்கிறது?

முதலில் இதைத் தெரிந்துகொள்வோம். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருவதுதான் தண்ணீரின் வேலை. ஒரு பம்பு அதைச் சுற்றிச் சுற்றி ஓட விடுகிறது. சூடான நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் வழியே ஓடிக் காற்றில் ஆறி, மறுபடி இன்ஜினுக்குள் போகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு உண்டு. பெரும்பாலான வண்டிகளில் நீர் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டும்போது அது திறக்கும்.

இனி ரேடியேட்டர் மூடிக்கு வருவோம். அதை வெறும் மூடி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் அடுப்படியில் உள்ள பிரஷர் குக்கர் செய்யும் வேலையை அதுவும் செய்கிறது. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஆனால் 0.9 என்று எண் போட்ட ஒரு மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், அதே தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். அழுத்தம் அதற்கு மேல் போனால் மூடியின் சுருள்வில் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் நீரைப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் தொட்டிக்கு அனுப்பும். இன்ஜின் ஆறியதும் அந்த நீர் மறுபடி ரேடியேட்டருக்குள் இழுக்கப்படும். போவதும் வருவதும் சரியாக நடந்தால், மாதக் கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையே வராது.

ஆகவே நினைவில் வையுங்கள்: சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் சூடேறிய நீராக இருக்கலாம். அழுத்தம் விட்ட மறுகணம் அது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறக்கலாம் என்று துணிய வேண்டாம். காலையில், வண்டி கிளப்பும் முன், குளிர்ந்த நிலையில் மட்டும் திறந்து பாருங்கள்.

அக்கா சொன்ன கணக்கு

அண்ணனும் நானும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, அக்கா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று சொன்னார்:

“அங்க என்னைய உள்ள போறப்பவும் நிறுத்துப் பார்க்குறாங்க, வெளிய வர்றப்பவும் நிறுத்துப் பார்க்குறாங்க. எவ்வளவு தண்ணி ஏறுச்சு, எவ்வளவு இறங்குச்சுன்னு எல்லாம் எழுதி வைக்கிறாங்க. இந்தக் காடிக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாதா, டீச்சர்?”

எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதே அண்ணனுக்குத் தெரியாது. குறைந்த அளவுக்கு ஊற்றுவார், மூடுவார், போவார். அளக்காத நோய்க்கு எப்படி மருந்து தேடுவது?

அன்றே பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து நான்கு கட்டம் போட்டேன். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு, குறிப்பு. அளப்பதற்குப் பேரப் பிள்ளையின் பழைய பால் போத்தல் கிடைத்தது. அதில் மில்லிலிட்டர் கோடுகள் இருக்கின்றன அல்லவா? பிளாஸ்டிக் தொட்டியின் மீதும் பேனாவால் ஒரு கோடு போட்டோம். புத்தகத்தை எழுதும் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படி அளக்க எடுத்த போத்தலை மறுபடி வீட்டுப் புழக்கத்துக்குக் கொண்டு வராதீர்கள். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டில் பெரும்பாலும் எத்திலின் கிளைக்கால் என்ற பொருள் இருக்கும். அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் அந்த இனிப்புக்கே ஏமாந்துபோகும். மினரல் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைப்பது, தரையில் சிந்தியதை அப்படியே விட்டுவிடுவது, இரண்டும் ஆபத்து.

பத்து நாள் கணக்கு என்ன சொன்னது தெரியுமா? கடைக்கு மட்டும் போய் வந்த நாட்களில் துளியும் குறையவில்லை. பட்டணம் போய் வந்த நாட்களில் 150 முதல் 200 மில்லிலிட்டர் வரை குறைந்தது. சும்மா நிற்கும்போது ஒழுகவில்லை, நன்றாகச் சூடேறி அழுத்தம் ஏறும்போதுதான் போகிறது என்பது இதிலிருந்து புரிந்தது. இன்னொன்றையும் அக்காவே கண்டுபிடித்துக் குறித்திருந்தார். காலையில் பிளாஸ்டிக் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருக்கிறது, ரேடியேட்டரில் மட்டும் குறைந்திருக்கிறது!

எளியதிலிருந்து தொடங்குங்கள்

தொட்டிக்குப் போன நீர் திரும்பி வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மூடியைத்தான். கழற்றிப் பார்த்தோம். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. தொட்டிக்குப் போன நீர் அங்கேயே தங்கி, அடுத்த பயணத்தில் நிரம்பி வழிந்து சாலையில் போயிருக்கிறது. புது மூடியின் விலை ஒரு வேளை மீன் குழம்புச் செலவைத் தாண்டாது. ஆனால் பழைய மூடியில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். ‘கூடுதலாக இருந்தால் நல்லதுதானே’ என்று அதிக அழுத்த மூடியைப் போட்டால், பழைய குழாய்கள் வெடிக்கும்.

புது மூடி போட்ட பிறகு கணக்குப் புத்தகம் மறுபடி பேசியது. இழப்பு பாதியாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பயணத்துக்கு 80, 90 மில்லிலிட்டர் இன்னும் போய்க்கொண்டிருந்தது. ஆக, வழி ஒன்றல்ல, இரண்டு. கணக்கு மட்டும் இல்லாதிருந்தால், மூடியை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்திருப்போம்.

அடுத்து, வெளியில் தெரியக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நீங்களும் இந்த வரிசையில் பார்க்கலாம்.

ரப்பர் குழாய்களின் இரு முனைகளையும் பாருங்கள். கிளாம்ப் இறுக்கும் இடத்தில் வெள்ளை, பச்சை அல்லது துரு நிறத்தில் தடம் இருந்தால் அங்கே கசிகிறது. சூடான இன்ஜின் மேல் விழும் துளி உடனே காய்ந்துவிடும். அதனால் தரை காய்ந்திருப்பதை வைத்து ஒழுகல் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் போனாலும் தடம் போகாது. குழாயைக் குளிர்ந்த நிலையில் பிதுக்கிப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியும் அலுமினியப் பகுதியும் சேரும் விளிம்பைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அங்கே கசிவது சாதாரணம்.

இரவில் வண்டியின் அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்து வைத்துவிட்டு, காலையில் ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஏர்கோன் போட்டு ஓட்டி நிறுத்தியதும் சொட்டும் தெளிந்த, மணமில்லாத நீரைக் கண்டு பயப்பட வேண்டாம். அது காற்றின் ஈரம். நிறமும் இனிப்பு வாடையும் வழவழப்பும் இருந்தால்தான் கூலண்ட். ஹீட்டர் உள்ள வண்டிகளில், உள்ளே கால் வைக்கும் இடத்துக் கம்பளம் இனிப்பு வாடையோடு நனைந்திருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

அண்ணனின் வண்டியில் அட்டை காய்ந்தே இருந்தது. குழாய்களிலும் தடம் இல்லை.

உள்ளே போகிறதா?

வெளியில் வழி தெரியவில்லை என்றால் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினின் கீழ்ப் பாகத்துக்கும் மேல் பாகத்துக்கும் நடுவில் கேஸ்கட் என்ற மெல்லிய தகடு இருக்கிறது. பல பழைய இன்ஜின்களில் கீழ்ப் பாகம் இரும்பு, மேல் பாகம் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடானாலே மேல் பாகம் வளைந்து, கேஸ்கட் விட்டுவிடலாம். அப்போது தண்ணீர் சிலிண்டருக்குள்ளோ எண்ணெய்க்குள்ளோ போகும்.

இதற்கு அடையாளங்கள் உண்டு. எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஓட்டாமல் பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பசை இருந்தால் உடனே கலங்க வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்தும் அப்படி வரும்.

புகைக்குழாயில் காலையில் கொஞ்சம் நீர் சொட்டுவதும் இயல்புதான். ஆனால் வண்டி நன்றாகச் சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்துகொண்டே இருந்தால் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த வண்டியைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டர்க் குழாய் கல்லைப் போல விறைப்பதும், தொட்டியில் விடாமல் குமிழி வருவதும் அதே சந்தேகத்தைத் தரும். அப்போது பட்டறையில் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை நீல நிறத் திரவம் வழியாக இழுப்பார்கள். பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாக மாறினால், சிலிண்டரின் புகை தண்ணீரில் கலக்கிறது என்று பொருள். இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைச் செய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

அண்ணனின் வண்டியில் எண்ணெய் சுத்தமாக இருந்தது. வெண்புகையும் குமிழியும் இல்லை. பாதி மூச்சு வந்தது. ஆனால் தண்ணீர் எங்கே போகிறது?

முள் காட்டிய இடம்

சுத்திகரிப்பு இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டியைப் பட்டணத்துப் பட்டறைக்குக் கொண்டு போனோம். “தண்ணி குறையுது” என்று மட்டும் சொல்லாமல் அண்ணன் கணக்குப் புத்தகத்தை நீட்டினார். பட்டறைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். ஆனால் படித்தார்.

பிறகு ரேடியேட்டர் வாயில் மூடிக்குப் பதிலாக முள் வைத்த ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். வண்டி ஓடாமலே, ஓடும்போது இருக்கும் அழுத்தத்தை உண்டாக்கும் சோதனை இது. முள் அசையாமல் நின்றால் ஒழுகல் இல்லை. எங்கள் கண் முன்னாலேயே முள் மெல்ல மெல்ல இறங்கியது. பட்டறைக்காரர் டார்ச்சை அடித்து ஒவ்வோர் இடமாகத் தேடினார். கடைசியில் தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு சிறு துளையிலிருந்து துளித் துளியாகக் கசிவதைக் காட்டினார். பக்கத்தில் துரு நிறத்தில் நீளமாக ஒரு கோடு.

அந்தத் துளை தானாக விழுந்த ஓட்டை அல்ல. பம்பின் உள் அடைப்புத் தேய்ந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்த வழி. அதில் கசிந்தால் பம்பின் காலம் முடிகிறது என்று அர்த்தம். வண்டி ஓடும்போது அந்தத் துளியைப் பெல்ட் சுழற்றி அடித்துவிடும், இன்ஜின் சூடு காய வைத்துவிடும். அதனால்தான் அட்டையில் ஈரமே விழவில்லை. பம்பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். பல் ஆடுவது போல ஆடியது. இப்படியே விட்டிருந்தால் ஒரு நாள் பம்பு இறுகி, பெல்ட் அறுந்து, வண்டி நடு வழியில் நின்றிருக்கும்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்குப் புதன்கிழமை” என்று மட்டும் சொன்னார். அன்று மாலைக்குள் புதுப் பம்பு பூட்டிக் கொடுத்தார்கள்.

சில தவறுகள், சில பழக்கங்கள்

மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்று சிலர் சொல்வார்கள். கடையில் விற்கும் அடைப்புத் தூளும் உண்டு. அவை ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். மஞ்சள் குழம்புக்கு இருக்கட்டும்.

‘நம் நாட்டில் பனி உறைவதில்லை, கூலண்ட் எதற்கு?’ என்று கேட்கலாம். கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. வெறும் குழாய்த் தண்ணீரை ஆண்டுக் கணக்கில் ஊற்றினால் இரும்பு துருப்பிடிக்கும், உப்புப் படியும், பம்பின் அடைப்பும் தேயும். வண்டிக் கையேட்டில் சொன்ன வகையை, சொன்ன அளவில் கலந்து, சொன்ன காலத்தில் மாற்றுங்கள். நிறத்தை மட்டும் பார்த்து வெவ்வேறு வகைகளைக் கலக்காதீர்கள்.

வழியில் வெப்ப முள் ஏறினால் ஏர்கோனை நிறுத்தி, ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரமாவது பொறுங்கள். குழாயும் மூடியும் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறியிருந்தால்தான் திறக்கலாம். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கக்கூடும். இன்னொன்று: தண்ணீர் அறவே போய்விட்டால் முள் சரியாகக் காட்டாமலும் போகலாம். முள் இறங்கிவிட்டது என்று நம்பி ஓட்டிவிடாதீர்கள்.

இப்போது அந்தப் பயிற்சிப் புத்தகம் அக்காவின் எடைப் புத்தகத்தோடு சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பம்பு மாற்றியதிலிருந்து ஒவ்வொரு வரியிலும் பூஜ்யம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அண்ணன் பானெட்டைத் திறந்து தொட்டியின் கோட்டைப் பார்த்துச் சொல்ல, அக்கா எழுதுகிறார். போத்தல் ஓய்வாக இருக்கிறது.

வண்டி ஓட்டத் தெரியாதவர்களும் படியுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். இந்த வண்டியின் நோயைப் பிடித்தவர் ஸ்டீரிங்கைத் தொட்டே அறியாத ஒரு பெண். நாளைக் காலை வண்டி குளிர்ந்திருக்கும்போது, உங்கள் வீட்டுத் தொட்டியிலும் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அந்தக் கோட்டைப் போய்ப் பாருங்கள்.